அழிறப்பர் மிஸ்

அந்த மனுசியோடு ஒருமுறையாவது செக்பொயின்ற் தாண்டிப் போய்வந்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். வரிசையில் எங்களுடைய முறை வந்தது. மீசை அரும்பாத ஒரு ஆமிப் பெடியன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "நீ எங்க போறது?" என்று கேட்டான். நானென்றால் வேலை செய்யும் இடத்தைச் சொல்லிவிட்டு, அட்டையை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து போயிருப்பேன். கொழும்பில் இருந்த தமிழர் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். மிஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மல்லி, தம்பி, 'நீ' இல்லை. 'நீங்கள்'. 'நீங்கள் எங்கே போகிறீர்கள்?' எங்க, சொல்லும் பாப்பம்."

எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் மெதுவாக ஓரடி பின்வாங்கினார்கள். பெடியன் தோளில் கிடந்த துவக்கையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன நினைத்தானோ, "நீங்கல்" என்றான்.

"'ல்' இல்லை, 'ள்'. நாக்கை மடியும்."

அதன் பலன், பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவனுக்கு மேலே உள்ள ஒருவர் வந்து விசாரிக்கும்வரை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றோம். நான் வியர்த்து வடிந்துகொண்டு நின்றேன். மிஸ் குடையை விரித்து எனக்கும் பிடித்தபடி, "பெடியன்ர பிழை இல்லை. உதைப் பிழையாச் சொல்லிக் குடுத்தவன் ஆரோ, அவனை நிப்பாட்ட வேணும் இஞ்ச" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் எனக்கு உரிமை இருந்தது.

தொண்ணூறுகளின் முற்பாதி. கொள்ளுப்பிட்டியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். சவர்க்காரக் கொம்பனிக்காரரும் பால்மாக் கொம்பனிக்காரரும் சனம் என்ன நினைக்கிறது என்று அறிய எங்களிடம் வருவார்கள். நாங்கள் கேள்விக்கொத்துகளைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாக ஏறி இறங்குவோம். மிஸ் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே. ஐம்பதைத் தொட்டிருப்பார். யாழ்ப்பாணத்துக்காரி என்பதும் கிருலப்பனையில் ஒரு மேல்வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார் என்பதும் தெரியும். கலியாணம் செய்தவரா இல்லையா என்பது கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் பதில் வராது, கேள்வியைத்தான் திருத்துவார் என்ற பயம்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அழிறப்பர். சிவப்புப் பேனையால் வெட்டுகிற ஆளென்றால் அதோடு முடிந்துவிடும். மிஸ் வெட்டமாட்டார். நீங்கள் சொன்ன சொல்லை உங்கள் வாயிலிருந்தே தேய்த்து எடுத்துவிட்டு, வேறு சொல் வரும்வரைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "பஸ் வரேல்லை மிஸ்" என்று சொல்லிப் பிந்திப் போக முடியாது. "பஸ் வரேல்லையோ, வந்த பஸ்ஸில நீர் ஏறேல்லையோ?" கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். வாசலில் கட்டியிருந்த பதாகையில் ஒரு எழுத்துப் பிழை. தகப்பனைப் பறிகொடுத்து நின்ற மகனுடைய கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அந்தப் பிழையையும் சொன்னார். அந்த மனுசன் அழுதுகொண்டே ஏணி எடுத்துவரப் போனார். நான் வெட்கத்தில் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

இப்படிப்பட்டவரின் மேசைக்குத்தான் அந்த விமான ஆராய்ச்சி வந்து சேர்ந்தது.

எங்கேயோ ஒரு தூர நாட்டின் இராணுவ ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு கவலை. அவர்களுடைய போர் விமானங்களில் பல, பறக்கவேண்டிய நேரத்தில் பறக்க ஆயத்தமாக இல்லையாம். எங்கள் டிரெக்டர் எல்லாரையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். அவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஆங்கிலத்தில் யோசித்து, கஷ்டப்பட்டுத் தமிழில் சொல்லுவார்.

"இரும்பில பிழையோ, இரும்பைத் திருத்திற ஆளில பிழையோ, இல்லாட்டி அந்த ஆளின்ர வீட்டில பிழையோ எண்டு பார்க்கினம். வீட்டில சண்டை பிடிச்சவன் அடுத்த நாள் ஆணியை ஒழுங்கா முறுக்குவானோ? அதுதான் ரிசேர்ச். யுத்தம் நடக்கிற வேறொரு நாட்டில, அதாவது எங்கட நாட்டில, சாதாரண மெக்கானிக்மாற்ற வீடுகள் எப்பிடி எண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேணுமாம். துறைமுகம், கராஜ், ரயில்வே. சிங்கள ஆக்களைச் சிங்களப் பகுதி கேக்கும், தமிழ் ஆக்களை நீங்கள்."

மெக்கானிக்மாரின் மனைவிமாரைக் கேட்பதற்கென்று ஒரு கேள்விக்கொத்து ஏற்கெனவே தமிழாக்கம் செய்யப்பட்டு வந்திருந்தது. எங்கே யார் செய்தார்களோ தெரியாது. முதல் கேள்வி: 'உங்கள் குடும்பம் வன்செயலால் பாதிக்கப்பட்டதா?'

மிஸ் அதைப் பார்த்த மாத்திரத்திலேயே "இது சரிவராது" என்றார். டிரெக்டர், "நல்ல தமிழ்தானே, என்ன பிழை?" என்றார். எனக்கும் பிழை தெரியவில்லை. மிஸ்ஸுக்கு எந்தச் சொல்தான் சரிவந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் முதல் வீடு. துறைமுகத்தில் பாரந்தூக்கி திருத்துகிற ஒருவரின் மனைவி. சுவரில் மாதா படமும் அதற்குக் கீழே சின்னச் சிவப்பு மின்குமிழும். கழுத்தில் செபமாலை. எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் கேள்வியை வாசித்தேன். அந்த அம்மா கண்கலங்கிப்போனார்.

"ஐயோ மிஸ், வன்செயலில பாதிக்காம இருக்குமா? எண்பத்திமூணுல எல்லாம் போச்சே. தையல் மெசின், கட்டில், பிள்ளைங்கட புத்தகம். மூணு நாள் கோயில்லதான் படுத்த."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் வன்செயல் என்றால் கலவரம். கடையை எரிப்பது, வீட்டை உடைப்பது, கும்பல் வருவது. வன்செயல் வெளியிலிருந்து கதவை உடைத்துக்கொண்டு வருகிற சாமான். உள்ளே இருக்கிறதற்கு அந்தப் பெயர் கிடையாது. நான் அந்த அம்மாவின் கதையை முழுக்க எழுதினேன். மிஸ் எழுதவில்லை. பிளேன்ரீ கோப்பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வீங்கி, பனங்கட்டி நிறத்தில் ஏதோ மருந்து பூசி, பழைய துணியால் சுற்றியிருந்தது.

"இது என்ன?"

"இதா? இது ஒண்ணுமில்ல மிஸ். இது அவரு அடிச்ச."

"அது வன்செயல் இல்லையோ?"

"சீச்சீ" என்று அந்த அம்மா சிரித்தேவிட்டார். "அவரு நல்லவரு மிஸ். இது அடி."

நாங்கள் அன்றைக்கு ஏறிய எல்லா வீடுகளிலும் இதே கூத்துத்தான். எரிந்த கடைகள், அகதி முகாம், கப்பலில் ஊருக்குப் போன கதை. வீட்டுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. கேள்விக்கொத்தின்படி கொட்டாஞ்சேனையில் எந்தப் புருஷனும் எந்த மனுசியையும் ஒருநாளும் தொட்டதில்லை.

பின்னேரம் கந்தோருக்கு வந்ததும் மிஸ் சண்டையைத் தொடங்கினார். 'வன்செயல்' என்பதை எடுத்துவிட்டு, 'உங்கள் கணவர் உங்களுக்கு அடிக்கிறவரா?' என்று போட வேண்டும். டிரெக்டர், அப்படி முகத்துக்கு நேரே கேட்பது நாகரிகமில்லை என்றார். "அடிக்கிறது நாகரிகமோ?" என்று மிஸ் கேட்டார். பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே டிரெக்டர் விட்டுக்கொடுத்தார். அவருக்கும் எங்களைப்போலக் களைப்பு.

அதோடு நிறுத்தினாரா? இல்லை. கேள்விக்கொத்தின் கடைசிப் பக்கத்தில், 'அடுத்த நாள் அவர் வேலை செய்யும் நிலையில் இருந்தாரா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதுதான் விமானக்காரருக்கு முக்கியமான கேள்வி. மிஸ் அதற்குக் கீழே தன் கையெழுத்தில் இன்னொன்று சேர்த்தார். 'நீங்கள்?'

"நீங்கள் எண்டால்?" என்றார் டிரெக்டர்.

"அடிச்சவர் அடுத்த நாள் என்ன நிலையில எண்டு கேக்கினம். அடி வாங்கினவள் என்ன நிலையில எண்டு கேக்க வேண்டாமோ?"

"மிஸ், அவளா பிளேன் திருத்தப் போறாள்? அது அவைக்குத் தேவையில்லாத தகவல்."

அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட கேள்வியை மிஸ் ஒவ்வொரு வீட்டிலும் வாயால் கேட்டார். பதிலை எழுத இடமில்லை, எழுதினாலும் வாசிக்க ஆளில்லை. ஆனால் அந்தப் பதில்கள்தான் நீண்டவை. சமைத்ததும், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போனதும், தலைக்குச் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனதும். அதனால் எங்களுக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு நேரம் பிடித்தது. ஊரடங்கு போட்டுவிடுவார்களோ என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மிஸ் அசையமாட்டார்.

கந்தோரில் ஒரு பகிடிக்காரன் இருந்தான். பருத்தித்துறைப் பெடியன். அவனுடைய தாய் தகப்பன் ஊரில், வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் சொன்னான்: "வீட்டில சண்டையெண்டால் பிளேன் பறக்காதாமெல்லோ. அப்ப இஞ்ச பிளேன் திருத்திற ஆக்களும் வீட்டில நல்லா அடிக்கட்டும். பிளேன் எழும்பாது, எங்கட சனம் தப்பும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் சிரிக்கக் கிடைத்ததை விட மாட்டோம். மிஸ் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆருக்கு அடிக்கட்டும்?"

"என்ன மிஸ்?"

"'அடிக்கட்டும்' எண்டு சொன்னீர். வசனத்தில ஆருக்கெண்டு இல்லை. முழுசாச் சொல்லும்."

"பகிடிக்குச் சொன்னனான் மிஸ்."

"பகிடியையும் முழுசாச் சொல்லலாம். ஆருக்கு?"

அவன் எழும்பி வெளியே போய்விட்டான். பாவம், தாய் தகப்பனை நினைத்துச் சொன்னவன். இந்த மனுசிக்கு ஒரு பகிடியைப் பகிடியாக விடத் தெரியாதா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மிஸ்ஸுடைய தாயும் அப்போது ஊரில்தான் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். பதுங்குகுழிக்குள் இறங்க முழங்கால் விடாதாம்.

சரி, இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மிஸ்ஸைச் சொல்ல முடியாது.

நான் அப்போது வெள்ளவத்தையில் அக்காவுடனும் அத்தானுடனும் இருந்தேன். கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ஒரு அனெக்ஸ். அத்தான் கணக்காளர். குடி இல்லை, சிகரெட் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயில். ஊர்ச்சனம் வந்தால் எழும்பிக் கதிரை கொடுப்பார். சிங்களம் தண்ணிபட்ட பாடு. அவர் அக்காவுக்கு அடித்தார். கறியில் உப்புக் குறைந்தால், அவர் ரெலிபோனில் கதைக்கும்போது குசினியில் சட்டி விழுந்தால், சில நாட்களில் ஒன்றுமே இல்லாமல். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் இருக்கவில்லை. "அத்தானுக்கு இண்டைக்குக் கொஞ்சம் கோவம்" என்போம். அம்மாவுக்குத் தகவல் அனுப்பினால் "அவர் கொஞ்சம் முன்கோபி" என்று சொல்லி அனுப்புவோம்.

ஒருநாள் நான் மிஸ்ஸிடம் நேரத்தோடு வீட்டுக்குப் போக அனுமதி கேட்டேன். அக்காவை டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

"என்னத்துக்கு?"

"அத்தான் நேற்றுக் கை நீட்டிப்போட்டார், மிஸ்."

"கை நீட்டினவரோ? ஏன், சல்லி கேட்டவரோ?"

எனக்கு முகம் சுட்டது. "இல்லை மிஸ்…"

"பிச்சைக்காரன் கை நீட்டுவான். பஸ்ஸை மறிக்கிறவன் கை நீட்டுவான். உம்முடைய அத்தான் என்ன செய்தவர்?"

அந்த இடத்திலேயே அவருடைய வாயைப் பொத்தவேண்டும்போல இருந்தது. என்னுடைய அக்கா வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள், இவர் எனக்கு இலக்கணம் சொல்லித்தருகிறார்.

"அடிச்சவர்!" என்று கத்தினேன். "அக்காவின்ர காதைப் பொத்தி அடிச்சவர். அவவுக்கு இடக்காது கேக்குதில்லை. போதுமோ?"

கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மிஸ் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "நானும் வாறன்" என்றார்.

டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்திருக்கிறது, இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்தக் காது மிஞ்சாது என்றார். எப்படி நடந்தது என்று அவர் கேட்டபோது அக்கா, "குளியலறையில வழுக்கினது" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தேன். நல்ல காலம், அக்காவின் செவிடான பக்கத்தில் நின்றபடியால் அவர் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அக்கா முதன்முதலாகச் சொன்னாள், "எனக்கு அங்க போகப் பயமாக் கிடக்கு." ஆனால் எங்கே போவது? ஊருக்குப் பாதையில்லை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பொம்பிளை எந்த வீட்டிலும் பொலிஸ் பதிவு இல்லாமல் ஒரு இரவு படுக்க முடியாது. சுற்றிவளைப்பு வந்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் இரண்டு பேருடைய பதிவும் அத்தானின் பேரில். அத்தானை விட்டு வந்தால் அக்கா கொழும்பிலேயே இல்லாத ஆள். லொட்ஜுக்குப் போனால் அங்கேயும் ஏன் வந்தாய், எவ்வளவு நாளைக்கு என்று அதே கேள்விதான். கல்கிசையில் இருந்த பெரியம்மாவின் மகளைக் கேட்டோம். "அவர் குடிக்கிறவர் இல்லையே" என்றா. "பொலிஸில பேர் குடுத்து உள்ளுக்க விட்டால் நாளைக்கு அவர் வந்து நிப்பார். எங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றா. கதவைச் சாத்தும்போது தொதல் இனிப்புத் துண்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றித் தந்தா.

"என்ர வீட்டில இருக்கட்டும்" என்று மிஸ் சொன்னார். இதைச் சொல்லும்போது எந்தச் சொல்லையும் தேடவில்லை.

அத்தான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்கா ஒரு பையோடு கிருலப்பனைக்கு வந்தாள். அடுத்த நாளே பதிவுக்குப் போகவேண்டும். காரணம் கேட்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த காரணங்கள் இருந்தன: வெளிநாடு போகக் காத்திருக்கிறா, வைத்தியத்துக்கு வந்தவ. சொன்னால் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். நான் வெளிநாட்டைச் சொல்லுவோம் என்றேன்.

"பாஸ்போட் எங்க?" என்றார் மிஸ்.

"அத்தானிட்ட."

"அப்ப சோதிக்க வந்து பாஸ்போட்டைக் கேட்டால்? பொய் சொன்ன தமிழ்ப் பொம்பிளை எண்டால் எங்க கொண்டுபோவினம் எண்டு தெரியும்தானே. நடந்ததைச் சொல்லட்டும்."

"வைத்தியம் எண்டாவது சொல்லலாமே, மிஸ்! அது பொய்யும் இல்லை!"

"காது சுகமானால் திரும்பிப் போ எண்டுவினம்."

நியாயம்தான். இந்த மனுசியின் நியாயங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு நரை விழுந்தது. அது போதாதென்று, அக்காவே தன் வாயால் சொல்லவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்காவுக்கோ சிங்களம் சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான். போகிற வழியெல்லாம் திறீவீலருக்குள் பாடம் நடந்தது. சிங்களத்தில் 'கஹனவா' என்றால் அடிக்கிறது. 'மட்ட' என்றால் எனக்கு. "மஹத்தயா மட்ட கஹனவா. கணவர் எனக்கு அடிக்கிறார். சொல்லும்." அக்கா நடுங்கி நடுங்கிச் சொன்னாள். "திருப்பிச் சொல்லும்." சாரதி கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

பொலிஸில் இருந்த சார்ஜன்ட் கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். வயதானவர், களைத்தவர். புருஷனை விட்டு வந்தவ என்று தெரிந்ததும் பேனையை மூடிவிட்டார். புருஷனைக் கேட்காமல் பதிய முடியாது என்று அத்தானுடைய கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். நான் மிஸ்ஸைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஒரு சின்னப் பொய்யோடு இவ்வளவு நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்போம். இப்போது அக்கா எங்கே இருக்கிறாள் என்று அத்தானுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்தாயிற்று.

அத்தான் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். சார்ஜன்டுக்கு வணக்கம் சொல்லி, அவர் இருக்கச் சொல்லாமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஓடுகிற சிங்களத்தில் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் தலையாட்டினார். 'பொடி பவுல் பிரஸ்னயக்', சின்னக் குடும்பப் பிரச்சினை, என்ற துண்டு எனக்கு விளங்கியது. அக்கா பக்கம் திரும்பி, தமிழில், மிகவும் அன்பாக, "வாரும், வீட்டை போவம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா தன்னையறியாமல் பையைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு எல்லாம் முடிந்தது என்றே பட்டது.

சார்ஜன்ட் அக்காவைப் பார்த்து, என்ன, போவதா என்பதுபோல் கையைக் காட்டினார்.

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "மம கஹனவா" என்றாள்.

'மம' என்றால் நான். 'நான் அடிக்கிறேன்' என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்து மேசைப் பொலிஸ்காரர் வெடித்துச் சிரித்தார். சார்ஜன்டும் சிரித்தார். முறைப்பாட்டுக்காகச் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அத்தானும் கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டு, பார்த்தீர்களா, என் நிலைமையை, என்பதுபோலக் கையை விரித்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். ஆமிக்காரனைத் திருத்தியவர், செத்தவீட்டைத் திருத்தியவர், இப்போது, கடைசியில் உண்மையாகவே ஒருவர் திருத்தவேண்டிய நேரத்தில், குடையின் பிடியை இரண்டு கையாலும் நெரித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். உதட்டைக் கடித்திருந்தார். சொல்லுங்கோ, சொல்லித் துலையுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவுக்கு ஒரு காது கேட்காது. சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் முகத்தை அங்குமிங்கும் திருப்பினாள். பிறகு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பையைக் கீழே வைத்தாள்.

"மம நெவெய்" என்றாள். நான் இல்லை. விரலால் அத்தானைக் காட்டினாள். "மட்ட. மட்ட கஹனவா." தலைமயிரை ஒதுக்கிக் காதைச் சார்ஜன்டின் பக்கம் திருப்பினாள். காதுக்குப் பின்னால் கழுத்துவரைக்கும் கறுத்து இறங்கியிருந்தது. "மட்ட" என்று இன்னொருமுறை சொன்னாள்.

சார்ஜன்ட் சிரிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அந்தக் காதைப் பார்த்தார். அத்தான் ஏதோ சொல்லத் தொடங்க, அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி, வெளியே போய் நிற்கும்படி வாசலைக் காட்டினார். பிறகு பேனையைத் திறந்து, அக்கா தங்கப்போகும் வீடு யாருடைய பொறுப்பில் என்று கேட்டார். மிஸ் முன்னுக்குப் போய்த் தன்னுடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரு திறீவீலருக்குள் நெருங்கி உட்கார்ந்தோம். அக்கா நடுவில். அக்காவின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது என் தோளுக்குத் தெரிந்தது. இந்த மனுசியின் கையைப் பிடித்துக் கும்பிடலாம்போல இருந்தது, உண்மையாகச் சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து அவர் தொண்டையைச் செருமினார்.

"நல்லாச் சொன்னீர், பிள்ளை. ஆனா ஒண்டு. 'மட்ட' எண்டு அவ்வளவு அழுத்தக் கூடாது. சிங்களத்தில அந்த 'ட'…"

அக்கா மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். பிறந்த நாள் தொட்டு ஒருவருக்கும் குரலை உயர்த்தாத என்னுடைய அக்கா. கண்ணில் தண்ணி வடிந்துகொண்டிருந்தது.

"மிஸ், இன்னொரு சொல்லுக் கதைச்சியள் எண்டால்," என்று விரலை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினாள், "மம கஹனவா!"

சாரதி திறீவீலரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான். நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியாது. மிஸ் வாயைத் திறந்தார், மூடினார். கிருலப்பனை வரும்வரைக்கும் அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.